பாய்மரப் படகின் அடிப்பகுதியிலிருந்து பழைய பெயிண்டை அகற்றிய அனுபவம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாக் கரையில் நான் வைத்திருக்கும் முப்பது அடிப் பாய்மரப் படகு, 1980களின் தொடக்கத்தில் கண்ணாடியிழையால் கட்டப்பட்டது. கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்க, முன்பு அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் பழைய பூச்சின் மேலேயே புதிய பூச்சை அடித்துவந்ததால், அடிப்பகுதி முழுவதும் செதில் செதிலாகப் பெயர்ந்து மேடும் பள்ளமுமாக இருந்தது. அடியிலுள்ள பூச்சு பிடிமானத்தை இழந்துவிட்டால், அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அதுவும் சேர்ந்தே உதிரும். ஆகவே, குளிர்காலத்தைக் கரையில் கழித்த படகை மீண்டும் நீரில் இறக்குவதற்கு முன், கண்ணாடியிழையை மூடியிருக்கும் ஜெல்கோட் என்னும் பிசின் மேலடுக்கு தெரியும் வரை அனைத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பெயிண்ட் சாதாரண வண்ணப்பூச்சு அன்று. உயிரினங்களைக் கொல்வதற்கென்றே தாமிர ஆக்சைடு கலந்து தயாரிக்கப்படுவது. என் படகின் வயதை வைத்துப் பார்த்தால், மிக அடியிலுள்ள அடுக்குகளில் அதைவிடக் கொடிய டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மமும் இருக்க வாய்ப்பிருந்தது. பிரான்சின் ஆர்க்கசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நிலைகுலையும் அளவுக்கு அது கேடு விளைவித்ததால், 1982இல் அந்நாடு சிறிய படகுகளுக்கு அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் 25 மீட்டருக்குக் குறைவான பெரும்பாலான படகுகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. எனவே பெயிண்டை எடுப்பதைவிட, எடுத்த பெயிண்ட் என் நுரையீரலுக்கோ மண்ணுக்கோ நீருக்கோ போகாமல் பார்த்துக்கொள்வதே இவ்வேலையின் பெரும்பகுதி என்று கொண்டேன். படகின் கீழே தார்ப்பாய் விரித்து, முழு உடல் அங்கியும் கண்ணாடியும் அணிந்து, நுண்தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய முகக்கவசத்தை மாட்டிக்கொண்டுதான் தொடங்கினேன். தாடி இருந்தால் அந்தக் கவசம் முகத்தில் காற்றுப் புகாதபடி பதியாது என்பதால், பல ஆண்டுகளாக வைத்திருந்த தாடியையும் எடுக்க வேண்டியதாயிற்று.

மணலையோ சோடாத் தூளையோ அழுத்தக் காற்றில் வீசிப் பெயிண்டை உரிக்கும் மணல் வீச்சு, சோடா வீச்சு ஆகியவை விரைவானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இயக்குபவரின் கை சற்றுத் தவறினால் ஜெல்கோட்டில் ஊசித்துளைகள் திறந்துகொள்ளும், செலவும் என் கைக்கு மீறியது. ரசாயனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் நீக்கிகள் ஜெல்கோட்டையே மென்மையாக்கிவிடக்கூடியவை என்பதால், கண்ணாடியிழைக்கென்று தயாரிக்கப்பட்ட பசை போன்ற ஒன்றை வாங்கித் தடிப்பாகப் பூசி, காய்ந்துபோகாதபடி மேலே தாளை ஒட்டி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். வெயில் நன்றாக அடித்த நாள்களில் பல அடுக்குகள் ஒன்றாகக் குழைந்து வந்தன. குளிர்ந்த நாள்களில் மேலடுக்கைத் தாண்டி அது இறங்கவே இல்லை.

உண்மையில் வேலையை முடித்தது கைச்சுரண்டிதான். டங்ஸ்டன் கார்பைடு அலகின் கூர்மையான இரு முனைகளும் ஜெல்கோட்டில் கோடு கிழிக்கும் என்பதால், அவற்றை வைர அரத்தால் முதலில் மழுங்க ராவிக்கொள்ள வேண்டும். சாதாரண அரம் அதில் ஏறாது. பிறகு இரு கைகளாலும் பிடித்து, அலகைத் தட்டையாக வைத்து, தன்னை நோக்கி நீளமாக இழுக்க வேண்டும். சரியான கோணம் அமைந்துவிட்டால் பெயிண்ட் தூளாகாமல் தேங்காய்ப்பூப் போலத் துருவலாக விழும். தூள் பறக்காது என்ற ஒரே காரணத்துக்காகவே நான் இயந்திரத்தைவிட இம்முறையை விரும்புவேன். கழுத்தும் தோளும் அதற்கு உடன்படா என்பது வேறு விஷயம். எஞ்சிய கறையை மட்டும், தூசி உறிஞ்சியுடன் இணைத்த சுழல் தேய்ப்பானில் 80ஆம் எண் உப்புத்தாளை வைத்து எடுத்தேன். தேய்ப்பானை ஓரிடத்தில் நிறுத்தாமலும் விளிம்பில் சாய்க்காமலும் நகர்த்தி, ஜெல்கோட்டின் வெண்மை தெரிந்த கணமே விலக்கிவிட வேண்டும்.

பெயிண்ட் போன பிறகுதான் படகின் உண்மை நிலை தெரிந்தது. சுக்கான் அருகே சிறு கொப்புளங்கள் இருந்தன. குத்தியபோது வினிகர் வாடையுள்ள நீர் கசிந்தது. படகு கவிழாதபடி அடியில் பொருத்தப்பட்ட, ஈயத்தாலான எடைப் பகுதியாகிய கீல் (keel) உடற்பகுதியோடு சேரும் கோட்டில் மெல்லிய விரிசலும் காணப்பட்டது. கொப்புளங்களைக் குடைந்து, நன்கு உலரவிட்டு, எபாக்சி என்னும் பிசின் நிரப்பியால் அடைத்தேன். விரிசலை மட்டும் நானே அடைக்காமல், கீலின் போல்ட்டுகளை அனுபவமுள்ள ஒருவர் சோதித்த பின்னரே மூடச் செய்தேன்.

அதன் பிறகு இரு கூறு எபாக்சித் தடுப்புப் பூச்சை, எங்கும் விட்டுப்போகாதபடி சாம்பல், வெள்ளை என்று மாற்றி மாற்றி, உலர்ந்த தடிப்பு சுமார் 250 மைக்ரான் வரும்வரை அடித்தேன். கடைசிப் பூச்சு விரலில் சற்றே ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே முதல் தாமிரப் பெயிண்டை அடித்துவிட வேண்டும். முற்றிலும் இறுகிவிட்டால் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். முதல் கைக்குச் சிவப்பும் அதன் மேல் நீலமும் அடித்திருப்பதால், வருங்காலத்தில் சிவப்பு தெரியும் இடங்களுக்கு மட்டும் மறுபூச்சுப் போதும். சுரண்டிய கழிவு முழுவதையும் தார்ப்பாயோடு சுருட்டி, படகுத்துறையின் அபாயக் கழிவுத் தொட்டியில் ஒப்படைத்தேன். கரையில் படகை முட்டுக்கொடுத்து நிறுத்திய தாங்கிகளின் பட்டை படிந்திருந்த இடங்களுக்கு, துறைப் பணியாளர்களே தாங்கிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றித் தந்தார்கள். கீலின் அடியை மட்டும், இறக்குவதற்கு முந்தைய மாலை படகு தூக்குப் பட்டைகளில் தொங்கியபோது சுரண்டிப் பூசி, இரவு முழுவதும் அப்படியே உலரவிட்டோம்.