காலையில் கை தூக்கிப் போட்டதும் வலிப்புதான்

பிளஸ் டூ தேர்வுக்கு விடிய விடியப் படித்துவிட்டு, காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் என் தங்கை விழுந்தாள். உடல் விறைத்தது, கை கால் வெட்டி இழுத்தது, நாக்கின் ஓரம் கடிபட்டு ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அதைத்தான் சாவியின் மகிமை என்று நம்புகிறோம்.

முதலில் பார்த்த டாக்டர் கார்பமசிபின் எழுதினார். மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகிற வலிப்புக்கு அது நல்ல மருந்து. தங்கைக்கோ மாத்திரை தொடங்கிய பிறகு காலையில் கை தூக்கிப் போடுவது அதிகமானது.

பிறகு நரம்பியல் நிபுணரிடம் போனோம். பெரிய வலிப்பைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. "காலையில எழுந்ததும் கையில இருக்கிறது தெறிச்சு விழுமாம்மா?" என்றார். தங்கையே சொன்னாள்: காபி டம்ளர், சீப்பு, சில நாள் பிரஷ். நினைவு நன்றாக இருக்கும், ஆனால் ஷாக் அடித்ததுபோல் தோள் ஒரு வெட்டு வெட்டும். வீட்டில் எல்லோரும் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். அந்த வெட்டே மயோக்ளோனிக் வலிப்பு என்றார் டாக்டர்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல், இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். பசை வைத்து ஒயர்களை ஒட்டி, வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்லி, கண்ணெதிரே விளக்கை மின்னவிட்டுப் பதிவு செய்தார்கள். எம்ஆர்ஐ நார்மல். ஈஈஜியில் மூளையின் இரு பக்கமும் சேர்ந்தாற்போல் அலைகள் எகிறியிருந்தன. இந்த வலிப்பு வகைக்குப் பெயர் ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி, சுருக்கமாக ஜேஎம்இ. பதின்வயதில் தொடங்கும், தூக்கம் கெட்டால் கிளறும். கார்பமசிபின் இந்த வகையில் வெட்டுகளைக் கூட்டிவிடக்கூடும் என்பதால் அதை மாற்றினார். வால்ப்ரோயேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் பின்னாளில் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் அபாயம் உண்டு என்று விளக்கி, லெவெடிராசிடம் என்ற மருந்தைக் கொடுத்தார்.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வேறு வகைகளும் தெரியவந்தன. ஒரு சிறுவன் பாடத்தின் நடுவே சில நொடி வெறித்துப் பார்ப்பானாம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுதுவானாம். கவனமில்லை என்று டீச்சர் புகார் செய்திருக்கிறார். அது ஆப்சென்ஸ் வலிப்பு. இன்னொரு அக்காவுக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், அப்புறம் வாயை மென்றுகொண்டே புடவையைப் பிசைவார். கேட்டால் பதில் வராது. அதைப் பேய் என்று சொல்லி எங்கெங்கோ அழைத்துப் போயிருக்கிறார்கள். கேட்கவே வயிறு எரிந்தது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்கு உதவும். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த சின்னச் சின்ன விஷயங்களையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறாள், இரவு பத்தரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். நன்றாக இருக்கிறோமே என்று நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது, இந்த வகையில் திரும்ப வருவது அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.