முதலில் வந்தது ரோட்டார், பிறகுதான் மணிக்கட்டு

நடக்க நடக்க உள்ளே ஒரு எடை ஆடி, ஸ்பிரிங்கை முறுக்கி, தானாகச் சாவி ஏறும் பாக்கெட் வாட்சை முதலில் செய்தது யார்? வாட்ச் பிரியர்கள் நடுவே இந்தக் கேள்வியைப் போட்டால் சண்டை நிச்சயம். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊர்க்காரர் அப்ரஹாம் லூயி பெர்லே என்று ஒரு கட்சி. இன்று பெல்ஜியத்தில் இருக்கும் லியேஜ் நகரத்து ஹியூபேர் சார்த்தோன் என்று இன்னொரு கட்சி.

பெர்லே கட்சியின் பெரிய சாட்சி, ஜெனீவா கலைச் சங்கத்துக்காக 1777-இல் விஞ்ஞானி தெ சோசூர் எழுதிய குறிப்பு. பெர்லேயின் வாட்சை வைத்துக்கொண்டு 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடும் என்கிறது அது. எனக்கு இது கொஞ்சம் ஓவராகப் படுகிறது. என் பழைய ஹெச்.எம்.டி. ஆட்டோமேட்டிக்கைக் கட்டிக்கொண்டு ஒருநாள் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தால், மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது நின்றுவிடும். ரிடையர் ஆன பிறகு இது அடிக்கடி நடக்கிறது.

ஆனால் அதே குறிப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. சாவி முழுதாக ஏறிய பிறகும் நடந்துகொண்டே இருந்தால் வாட்ச் கெடாமலிருக்க ஒரு தடுப்பு வைத்திருந்தாராம். இன்றைய ஆட்டோமேட்டிக்கில் முழுதாக ஏறியதும், வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் நுனி வழுக்கிக்கொடுக்கும். அந்தக் காலத்தில் அது கிடையாது. தடுக்காவிட்டால் ஏதாவது ஒன்று உடையும். உடைவது எங்கே என்று யோசித்துத் தடுப்பு வைத்தவர் வேலை தெரிந்தவர்தான். உள்ளே என்ன மாதிரி எடை ஆடியது என்பதை மட்டும் அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

சார்த்தோன் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 1778 டிசம்பரில் பாரிஸ் அறிவியல் அகாடமியிடம் தன் வாட்சைக் கொடுத்தார். அகாடமி அறிக்கையும் படமும் இன்றும் இருக்கின்றன. நடுவில் அச்சு, முழு வட்டம் சுற்றும் எடை (இதுதான் ரோட்டார்), எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். என் ஹெச்.எம்.டி.யின் பின்மூடியைக் கழற்றினால் தெரியும் அரைநிலா ரோட்டாரும் அதே குடும்பம்தான். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் இப்படி ஒரு ரோட்டார் வாட்ச் கிடைத்தது. செய்தவர் பெயர் அதில் இல்லை. முதலில் அதைப் பெர்லே கணக்கில் எழுதினார்கள். பிறகு ஜோசப் ஃப்ளோரெஸ் என்ற ஆய்வாளர் அதை அகாடமி அறிக்கையோடு பொருத்திப் பார்த்து, இது சார்த்தோன் வடிவம் என்றார். ரோட்டார் மட்டில் நானும் சார்த்தோன் கட்சி.

சரி, இவ்வளவு நல்ல யோசனை அப்போதே ஏன் ஓடவில்லை? பாக்கெட்தான் காரணம். வெயிஸ்ட்கோட் பையில் வாட்ச் நிமிர்ந்தே நிற்கும். ரோட்டாரின் கனமான பக்கம் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். நடக்கும்போது உடம்பு மேலும் கீழுமாகக் குலுங்குமே தவிர, பைக்குள் வாட்ச் புரளாது. அதனால் சாவி மந்தமாகத்தான் ஏறும்.

பாரிஸில் வாட்ச் கடை போட்டிருந்த பிரெகேக்கு இது புரிந்திருக்கிறது. தானாகச் சாவி ஏறும் அவருடைய 'பெர்பெச்சுவெல்' வாட்சுகளில் பிளாட்டினம் எடை ஓரத்தில் கீல் வைத்து நிற்கும். மெல்லிய ஸ்பிரிங் அதைத் தூக்கிப் பிடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் எடை இறங்கி ஏறும். சாவி நிறைந்ததும் எடையே பூட்டிக்கொள்ளும். எடை சின்னதாகவும் இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும், அதற்குத்தான் பிளாட்டினம். பாக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் கட்சி.

பிரெகேயின் 160-ஆம் எண் வாட்சும் பெர்பெச்சுவெல்தான். பிரான்ஸ் ராணி மேரி அந்துவானெத்துக்காக 1783-இல் ஆர்டர் ஆனது. ராணியின் தலை 1793-இல் போனது, பிரெகே 1823-இல் இறந்தார், வாட்ச் முடிந்தது 1827-இல். 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 20 ஆண்டுக்கு மேல் கழித்துத் திரும்பிவந்தது. இந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. உள்ளே ஆடும் அந்த பிளாட்டினம் துண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இந்த வாட்சுகள் எல்லாம் விலை கூடியவை, தடிமனானவை. 1840-களில் அத்ரியன் ஃபிலிப் என்ற வாட்ச்காரர், தனிச் சாவியே வேண்டாம், தலைக் குமிழைத் திருகினால் போதும் என்று ஆக்கினார். தொலைந்துபோகும் சாவி, சாவித்துளையில் நுழையும் தூசி, இரண்டு தொல்லையும் தீர்ந்தன. அப்புறம் தானாக ஏறும் வாட்சை யார் தேடப்போகிறார்கள்?

முதல் உலகப்போருக்குப் பின் வாட்ச் பையிலிருந்து கைக்கு ஏறியது. கை நாலா பக்கமும் திரும்பும், புரளும். ரோட்டாருக்கு வேண்டியதே அதுதான். ஆனாலும் 1920-களில் ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் காப்புரிமை வாங்கிய கைக்கடிகாரத்தில் எடை முழு வட்டம் சுற்றவில்லை. இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே முட்டி முட்டித் திரும்பியது. முழு வட்டம் சுற்றும் ரோட்டாரை 1931-இல் ரோலக்ஸ் கொண்டுவந்தது. சார்த்தோன் இறந்து அப்போது 103 வருடம் ஆகியிருந்தது.