மஞ்சளா, பச்சையா

ஜூன் 4
மகளின் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை பச்சை. மூன்று பிளஸ். மஞ்சள் என்றால் புரதம் இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. அவளுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடும் நோய்.

ஜூன் 5
இன்றும் அதே பச்சை. சளி பிடித்த அன்றிலிருந்தே அவள் இமைகள் வீங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூங்கி எழுந்த முகம் அப்படித்தான் இருக்கும் என்கிறார் இவர்.

ஜூன் 6
மூன்றாம் காலையும் பச்சை. நோய் திரும்பிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போய்க்கொண்டிருக்கும்போதே. இனி மறுபடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும், உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 60 மி.கி. தொடர்ந்து மூன்று நாள் சிறுநீரில் புரதம் இல்லாமல் இருந்தால் 40 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு வாரம். எனக்கு மனப்பாடம்.

ஜூன் 11
ராத்திரி எழுந்து பசி, பசி என்று அழுகிறாள். என்னை அடித்துவிட்டு அவளே தேம்புகிறாள். என் பிள்ளையின் குணம் இது இல்லை, ஸ்டீராய்டு செய்கிற வேலை. உப்பிய கன்னத்தைப் பார்த்து "நல்லா தேறிட்டாளே" என்பவர்களிடம் பேசவே பிடிக்கவில்லை.

ஜூன் 16
மஞ்சள்!

ஜூன் 18
மூன்றாவது மஞ்சள். இவர் கண் கலங்கியதை இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 23
டாக்டர் நிதானமாக உட்காரவைத்துப் பேசினார். ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க அடுத்தடுத்து இரண்டு முறை திரும்பியதால் வேறு மருந்து சேர்க்க வேண்டுமாம். சைக்ளோபாஸ்பமைடு என்றால் 8 முதல் 12 வாரம். பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம் என்பதால் இன்னொரு முறை தருவதில்லை. டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தையே பதம் பார்க்கலாம். ரிட்டுக்ஸிமாப் நரம்பில் ஏற்றுவது, நோய் எதிர்ப்பைக் குறைப்பது. ஒவ்வொரு பெயருக்கும் வயிறு கலங்கியது. ஆனால் ஸ்டீராய்டிலேயே விட்டால்? வளர்த்தி குறையும், கண்புரை வரலாம், எலும்பு பலவீனமாகலாம். பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது விட்டுப்போகும் என்கிறார். அப்படியென்றால் அதுவரை மருந்து அவளைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் கவலை எல்லாம். லெவமிசோல் என்று முடிவானது. பூச்சி மருந்தாக வந்ததாம் அது.

ஜூன் 29
தும்மினாள். இரண்டு தடவை. சளி பிடித்தால் நோய் திரும்பலாம் என்பதால் முன்பெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாள் தினமும் கொடுக்கச் சொல்வார்கள். பிரிட்டனில் பிரெட்னாஸ்-2 என்ற ஆய்வில் பிள்ளைகளுக்கு 6 நாள் அப்படிக் கொடுத்துப் பார்த்தும் நோய் திரும்புவது குறையவில்லை. டாக்டரும் வேண்டாம் என்றார். தெரிந்தும் கை டப்பாவிடம் போய்ப் போய் வருகிறது.

ஜூன் 30
மஞ்சள். மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

ஜூலை 3
லெவமிசோல் தொடங்கியாயிற்று. கிலோவுக்கு 2.5 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஜூலை 12
உயரம் அளந்தார்கள். போன தடவை எழுதிய அதே எண்.

ஜூலை 20
லெவமிசோல் குறைத்துவிடுமோ என்று பயந்த ரத்த வெள்ளணுக்கள் குறையவில்லை. ரிப்போர்ட்டை இவர் திரும்பத் திரும்பப் படித்தார். நாளையிலிருந்து ஸ்டீராய்டை இன்னும் குறைக்கலாமாம். போன முறை இதே அளவுக்கு இறங்கியபோதுதான் வீங்கினாள் என்றேன். இந்த முறை லெவமிசோல் கூட இருக்கிறதே என்றார் டாக்டர். பாதி மாத்திரை. காலையில், சாப்பிட்ட பிறகு.