பன்னிரண்டு பேரின் பாதங்கள்

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, எங்கள் கத்தோலிக்கப் பங்கில் குருவானவர் பாதம் கழுவுவதற்காகத் தேர்வாகிறவர்கள், வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். அதையே பார்த்துப் பழகிய எனக்கு 2013 மார்ச் 28 மறக்கவே மறக்காது.

திருத்தந்தையாக (போப்) பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதினைந்தே நாள். ரோமில் உள்ள கசால் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போனார். 76 வயதில் முழங்காலிட்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். அவர்களில் இரண்டு பெண்கள். இஸ்லாமியரும் இருந்தார்கள். பெண்களைச் சேர்க்க வழிபாட்டு விதி அப்போது இடம் தரவில்லை. 2016-ல்தான் அதை மாற்றினார்.

அன்றிரவு, இயேசு பாதம் கழுவியதைச் சொல்லும் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைத் திரும்பவும் வாசித்தேன். இயேசு மேலுடையைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொள்கிறார். அந்தக் காலத்தில் பாதம் கழுவுவது வீட்டு அடிமையின் வேலை. சீடர் பேதுரு பதறியதில் வியப்பே இல்லை. என்னை உலுக்கியது வேறு: யூதாசும் அங்கேதான் இருந்தான். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே அவன் காலையும் கழுவினார். என்னால் முடியுமா? இன்னும் முடியவில்லை, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

2025-லும் பெரிய வியாழனன்று, நிமோனியாவிலிருந்து தேறி வந்த உடம்போடு, ரெஜினா சேலி சிறைக்குப் போனார் பிரான்சிஸ். இந்த வருஷம் பாதம் கழுவ முடியவில்லை, ஆனால் உங்கள் அருகில் இருக்க விரும்புகிறேன் என்று கைதிகளிடம் சொன்னார். நான்காம் நாள், ஏப்ரல் 21 அன்று, இறைவனிடம் போனார்.