மாமரத்தடியில் செயற்கைப் புல்: மூன்றாவது தடவைதான் ஜாயின்ட் நின்றது

செயற்கைப் புல்லின் இரண்டு துண்டுகள் சேரும் இருபது அடி ஜாயின்ட் ஒருவழியாகப் படிந்துவிட்டது. கேட்டருகே நின்று பார்த்தால் எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. முதல் இரண்டு தடவையும் பிளந்துகொண்டதால், என்ன மாறியது என்பதை விவரமாகப் பதிகிறேன்.

சென்னையில் வாடகைக்கு விடும் வீடு, முன்புறம் 20க்கு 18 அடி. அதில் 13 அடி மாமர நிழல், காம்பவுண்டை ஒட்டி 5 அடி நல்ல வெயில். நிஜப் புல்லான கொரியன் புல்லுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மரத்தடியில் மெலிந்து திட்டுத் திட்டாக மண் தெரியும். எருமைப்புல் அரைநிழல் தாங்கும், இவ்வளவு அடர்ந்த நிழலில் அதுவும் நிற்காது. அடுத்தது தண்ணீர். கோடையில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் வைத்தால் முழு இடத்துக்கும் 165 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் மே மாதத்தில் குடியிருப்பவரிடம் இதைக் கேட்க முடியாது. 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தால் புல் கருகிவிடும். அதற்காக எல்லாவற்றையும் செயற்கையாக்குவதும் தப்பு. உச்சிவெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும், குழந்தைகள் வெறுங்காலோடு இறங்க முடியாது. ஆகவே நிழலுக்குச் செயற்கை, வெயில் பட்டைக்குக் கொரியன். அந்தப் பட்டைக்கு நாளைக்கு மூன்று குடம் போதும்.

அடித்தளம் வழக்கம்போலத்தான்: 2 அங்குலக் கனத்துக்கு அரை அங்குல ஜல்லி, மேலே 1 அங்குலம் க்ரஷர் பவுடர் (கல்தூள்), 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம். 260 சதுர அடிக்கு ஜல்லி அரை யூனிட், பவுடர் கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வேர் இருப்பதால் மெஷின் வேண்டாம், கையால் இடிக்கும் திமிசு போட்டாலே போதும். சிமென்ட் தளம் போட்டுவிடாதீர்கள், மரம் தாகத்தில் தவிக்கும்.

இப்போது ஜாயின்ட். ரோல் அகலம் 2 மீட்டர், எனவே 13 அடி அகலத்துக்கு 20 அடி நீளத்தில் இரண்டு துண்டு, நடுவில் ஒரே ஒட்டு. முதல் தடவை கடைக்காரர் கொடுத்த சாதாரண ரப்பர் பசை. இலை இடுக்கில் இறங்கிய வெயிலுக்கே இளகி, ஓரம் சுருண்டது. இரண்டாம் தடவை பியூ (பாலியூரித்தேன்) பசைதான், ஆனால் மாலையில், ஒட்டின் அடியில் விரிக்கும் டேப் ஈரம் ஏறியிருந்தபோது அதன் மேல் தடவியது. அந்தப் பசை ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கும். காலையில் ஒட்டு முழுக்கக் கயிறு போல மேடு தட்டியிருந்தது.

மூன்றாவது தடவை செய்தது இது. இரண்டு துண்டையும் விரித்து மூன்று மணி நேரம் தளரவிட்டோம். இரண்டிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்; ஒன்று திரும்பினாலும் இரண்டு நிறமாகத் தெரியும். பிறகு துண்டைக் கவிழ்த்து, ஓரத்துத் தையல் வரிசை (இழைகளைத் தைத்திருக்கும் வரிசை) மூன்றும் கழியும்படி, வரிசைகளுக்கு நடுவே புது பிளேடால் வெட்டினோம். முக்கியமான அளவு இதுதான்: எங்கள் ரோலில் ஒரு தையல் வரிசைக்கும் அடுத்ததற்கும் சுமார் 10 மி.மீ. இரண்டு துண்டும் சேரும் இடத்திலும் அதே 10 மி.மீ. இருக்க வேண்டும். கூடினால் வகிடு எடுத்தது போலத் தெரியும், குறைந்தால் மேடு கட்டும். பசையைக் காலை பத்து மணிக்கு மேல், காய்ந்த டேப்பில், பல் வைத்த கொத்துக்கரண்டியால் இழுத்து, பிசுபிசுப்பு வந்த பிறகு ஓரங்களை இறக்கினோம். ஒரு இழை பசையில் மாட்டினாலும் அந்த இடம் வழுக்கையாகும், ஆகவே ஒருவர் இழைகளை விலக்கிப் பிடிக்க, இன்னொருவர் அமுக்க வேண்டும். மேலே மணல் மூட்டை வரிசையாக, 24 மணி நேரம். அதன் பிறகே இழைகளுக்கு நடுவே தூவும் சிலிக்கா மணல், சதுர அடிக்கு அரை கிலோ: 50 கிலோ மூட்டை மூன்று.

வாங்கும்போது இரண்டு துண்டும் ஒரே ரோலிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வேறு ரோல் என்றால் பச்சை ஒத்துப்போகாது.

மாம்பூ பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சி வடிக்கும் தேன்பிசின் புல் மேல் விழுந்து, அதில் கரும்பூஞ்சணம் படரும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் ஊற்றி மென்மையான துடைப்பத்தால் தேய்த்தால் போகும். இதையும் நாய் சிறுநீரைத் தண்ணீர் விட்டு அலசுவதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது.

கொரியன் பட்டை இன்னும் போடவில்லை. கோரைக் களைதான் காரணம். நர்சரியிலிருந்து வந்த புல் பாயைத் திருப்பிப் பார்த்தால் அடிமண்ணிலேயே கறுப்பாகக் கிழங்கு ஒட்டியிருந்தது, திருப்பி அனுப்பியாயிற்று. நம் மண்ணிலும் ஒரு அடி ஆழம் வரை கிழங்கு இருக்கிறது. தண்ணீர் விட்டு முளைக்கவைத்து, கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி தண்ணீர். முதல் சுற்றில் ஒரு கூடை வந்தது. நேற்று மறுபடி பதினான்கு முளை எட்டிப் பார்க்கிறது.