களி உருண்டை நின்றபோது

எங்கள் பாலக்கோடு பக்கம் கேழ்வரகுக் களியை யாரும் மென்று தின்பதில்லை. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். அப்பாவுக்கு அந்த உருண்டைதான் முதலில் நெஞ்சில் நின்றது. பிறகு சோறும் நின்றது. கூழும் மோரும் மட்டும் இறங்கின. வாயு என்று ஊரில் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் தருமபுரிக்கு வரச் சம்மதித்தார்.

மருத்துவர் முதலில் கேள்விகளாகக் கேட்டார். பீடி உண்டா? குடிப்பழக்கம்? நெஞ்செரிச்சல்? டீயை எவ்வளவு சூடாகக் குடிப்பீர்கள்? அப்பா பீடியை மட்டும் ஒப்புக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் அவர் கணக்கில் பழக்கமே இல்லை. அம்மாதான், “மடியில் இருக்கும் பொட்டலத்தையும் சொல்லுங்கள்” என்றார். மருத்துவர் அதைத்தான் அடிக்கோடிட்டு எழுதினார். புகையிலை கலக்காத பாக்குகூடப் புற்றுநோயை உண்டாக்கும். பீடியோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும் என்று பொறுமையாக விளக்கினார். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கியதும் டீயை வாயில் ஊற்றிக்கொள்கிறவர் அப்பா. தீராத நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் வேறொரு வகைப் புற்றுக்கு வழிவிடுமாம். அவை அவருக்கு இல்லை.

வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மரப்பு போகும்வரை தண்ணீர்கூடத் தரக் கூடாது என்றார்கள். அப்பாவோ தண்ணீர், தண்ணீர் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வந்தது: உள்பூச்சுச் செல்களில் தொடங்கும் செதில் செல் புற்று, உணவுக்குழாயின் நடுப்பகுதியில். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகை இதுதான். பிறகு சி.டி. ஸ்கேன், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய். இப்போது கதிர்வீச்சும் கீமோவும் நடக்கின்றன.

விழுங்கச் சிரமப்படுகிறவரை அழைத்துப் போகிறவர்கள், அவருடைய பழக்கங்களை வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். பரிசோதனை முடிவு வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை தொடங்கும் நாளில் அட்டை கையில் இருக்க வேண்டும்.