அளவுகளும் காரணங்களும்: திறந்த வரைபடத்தோடு ஒரு பட்டறை அனுபவம்

கோவையில் வேளாண் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடப் பிரிவைக் கவனித்துவரும் எனக்கு, மார்சின் யாகுபோவ்ஸ்கி என்ற பெயர் மண் கல் அச்சு இயந்திரம் ஒன்றின் வழியாகவே அறிமுகமாயிற்று. தம் தோட்டத்து மண்ணிலிருந்தே சுவர்க் கற்களைச் செய்துகொள்ள ஹைட்ராலிக் விசையில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், இயங்கும் அச்சு வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். ஆரோவில்லில் செய்யப்படும், கையால் நெம்பி இயக்கும் ஆரம் அச்சை அவர் பார்த்திருந்தாலும், அதற்கு வேண்டிய ஆட்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது அவருடைய கணக்கு. ஹைட்ராலிக் மாதிரிகளைத் தேடியபோதுதான் யாருடைய அனுமதியும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய யாகுபோவ்ஸ்கியின் முழு வரைபடத் தொகுப்பு ஒன்று கிடைத்தது.

போலந்தில் பிறந்த யாகுபோவ்ஸ்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இணைவு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். படிப்பை முடித்தபின் மிசௌரி மாநிலத்தில் நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார். வாங்கிய டிராக்டர் பழுதானது, செலவழித்துச் சரிசெய்தார், மீண்டும் பழுதானது, கையிருப்பும் கரைந்தது. சிறு விவசாயி தானே கழற்றி மாட்டக்கூடிய, அருகில் கிடைக்கும் பொருள்களால் செய்யக்கூடிய இயந்திரங்கள் சந்தையில் இல்லை என்று கண்ட அவர், அவற்றைத் தாமே வடிவமைத்து வரைபடங்களைப் பொதுவில் வைக்கத் தொடங்கினார். ஓப்பன் சோர்ஸ் ஈக்காலஜி என்ற அவருடைய அமைப்பு, டிராக்டர், ரொட்டி அடுப்பு, மின்சுற்றுப் பலகை செய்யும் கருவி என 50 இயந்திரங்களைப் பட்டியலிட்டது. 2011இல் டெட் (TED) என்ற உரை மேடையில் அவர் ஆற்றிய சிற்றுரை அந்தப் பட்டியலை உலகறியச் செய்தது.

எங்கள் தொழிலில் இருப்பவரை அந்த உரையைவிட அதிகமாகக் கவர்வது அவருடைய பகுப்பு முறை. எஞ்சின், ஹைட்ராலிக் பம்பு, எண்ணெய்த் தொட்டி, குளிரூட்டி ஆகியவற்றை ஒரே கூண்டுக்குள் அடக்கி அதைத் தனி அலகாக்கிவிடுகிறார். டிராக்டரில் இருக்கும் கூண்டைக் கழற்றி மண் கல் அச்சில் இணைத்துக்கொள்ளலாம். டிராக்டரிலும் கியர் பெட்டி கிடையாது. சக்கரங்களை ஹைட்ராலிக் மோட்டார்கள் சுழற்றுகின்றன. சட்டகம் முழுவதும் துளையிட்ட 4 அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை போல்ட்டால் இணைத்தது. தேர்ந்த வெல்டர் இல்லாத ஊரிலும் அதைக் கழற்றி நீட்டவோ குறைக்கவோ முடியும். எடையும் எரிபொருள் செலவும் கூடும் என்பது உண்மைதான். ஆயினும் பழுது பார்ப்பதை முதன்மையாக வைத்துச் சிந்தித்தவரின் கை அதில் தெரிகிறது.

அந்த வரைபடத்தை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீட்டர், நம் சந்தையில் கிடைப்பது 100 மில்லிமீட்டர் குழாய். ஒரு குழாயில் 1.6 மில்லிமீட்டர் பெரிதாகத் தோன்றாது. நான்கு குழாய்கள் அடுக்காக வரும் இடத்தில் 6.4 மில்லிமீட்டராகிவிடும், எதிர்ப்பக்கத் துளை நேர் வராது. ஹைட்ராலிக் இணைப்புகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அமெரிக்கக் குழாய் மரைக்கும் நாம் பயன்படுத்தும் பிரிட்டிஷ் குழாய் மரைக்கும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 புரி என்ற எண்ணிக்கை ஒன்றே. கோணம் மட்டும் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55 பாகை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், பொருந்திவிட்டதாகவே ஃபிட்டருக்குத் தோன்றும், அழுத்தம் ஏறியதும் எண்ணெய் கசியும். எங்கள் மூத்த ஃபிட்டர் இதை நன்கு அறிந்தவர் என்பதால் முதலிலேயே எல்லா இணைப்புகளையும் நம் மரைக்கு மாற்றிவிட்டோம்.

இந்த மாற்றங்களைச் செய்யும்போதுதான் வரைபடத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை உணர்ந்தேன். அளவுகள் எல்லாம் இருந்தன. ஆனால் மண்ணை அச்சுக்குள் தள்ளும் இழுப்பறைக்கும் அதன் வழித்தடத்துக்கும் இடையே விட்ட இடைவெளி மண்துகள் சிக்காமலிருக்கவா, வெல்டிங் வெப்பத்தில் தகடு வளைவதற்கு விட்ட கூடுதல் இடமா என்பதற்கு எங்கும் விடை இல்லை. ஒரு தகட்டின் கனம் விசைக்காகக் கணக்கிட்டதா, அன்று கையிருப்பில் இருந்ததைப் போட்டதா என்பதும் தெரியவில்லை. காரணம் தெரியாதபோது எதையும் குறைக்கத் துணிவு வருவதில்லை. இருந்ததை அப்படியே செய்கிறோம், எடையும் விலையும் ஏறுகின்றன.

எங்கள் பகுதியில் ஒருவர் செய்த இயந்திரத்தை அளந்து இன்னொருவர் செய்வது புதிதன்று. சாம்பிள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அடுத்த மாதம் அதன் தம்பி வெளியே வரும். அந்த வகையில் பார்த்தால் எங்கள் தெருவே திறந்த வன்பொருள்தான், அதாவது யாரும் எடுத்துச் செய்யக்கூடிய இயந்திர வடிவமைப்புதான், என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அளந்து செய்பவருக்கும் எண்கள்தாம் கிடைக்கின்றன. யாகுபோவ்ஸ்கியின் முயற்சி அதைக் கடப்பது, வடிவமைப்பு முடிவுகளைப் பற்றிய விவாதங்களையும் சோதனைக் குறிப்புகளையும்கூடப் பொதுவில் வைப்பதால்தான். அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. தேடிப் படிப்பவருக்குப் பொறுமை வேண்டும். அந்த இழுப்பறைக்கு விடை எனக்குக் கிடைக்கவில்லை; வேறு சில ஐயங்களுக்குக் கிடைத்தது. 50 இயந்திரங்களில் பல முழுமை பெறாமலே நிற்பதற்கும், ஒன்றைச் செய்வதைவிட அதைப் பிறர் செய்யும்படி எழுதிவைப்பது கடினமான உழைப்பு என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த உழைப்புக்கு யார் பணம் தருவது என்பதே எங்கள் முதலாளி எழுப்பிய கேள்வி. யாகுபோவ்ஸ்கிக்கு அறக்கட்டளை உதவித்தொகையும், கட்டணம் செலுத்தி இயந்திரம் செய்யக் கற்கும் பயிற்சி முகாம்களும் கைகொடுத்தன. எங்களுக்கு அந்த இரண்டும் இல்லை. ஆயினும் வாடிக்கையாளரிடம் இயந்திரத்தை ஒப்படைத்தபோது, நாங்கள் மாற்றிய ஒவ்வோர் அளவையும் அதன் காரணத்தையும், உள்ளூரில் கிடைக்கும் மாற்றுப் பொருளையும் சேர்த்து வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டார். அச்சுப் பெட்டியின் உள் தகடுகளை எந்த வெப்பத்தில் பதப்படுத்தினோம் என்ற ஒரு தாளை மட்டும் விலக்கிவிட்டார். உராய்வில் முதலில் தேய்வது அந்தத் தகடுகள்தாம். மாற்றுத் தகடு விற்பதில்தான் அடுத்த சில ஆண்டுகளுக்கு எங்களுக்கு வரும்படி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாயிகளுக்குத் தம் இயந்திரங்களைத் தாமே பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியதை நான் எடுத்துக்காட்டினேன். அங்கே பெரிய நிறுவனங்களை எதிர்த்து வந்த சட்டத்தை இங்கே 12 பேர் வேலை செய்யும் பட்டறையின் மேல் ஏற்றாதே என்றார் அவர். எனக்கு அந்த வாதம் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. ஆனாலும் சம்பளக் கணக்கு பார்ப்பவர் அவர் என்பதால் அந்தத் தாள் இப்போதைக்கு அவர் மேசையில்தான் இருக்கிறது.